முழியான் இருந்த தொட்டி

திருச்செங்கோடு
2 ஜூலை 2025

மலர்,

உன் போன் நம்பர் மாறிவிட்டது. புது நம்பர் கேட்டால் உன் தம்பி நவீன்குமார், "எனக்கே தெரியாதுங்க மாமா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தில் எந்த விடுதி என்பதை மட்டும் கறந்துகொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. அடுத்தவனைத் திருத்துவதுதானே உனக்குப் பிடித்த வேலை.

நேற்று உன் ஆள் வந்தான். அலங்கார மீன் கடை சந்தோஷ்குமார், ஆம்னி வேனில் டிரம்மும் பேட்டரியும் ஏற்றிக்கொண்டு. "அக்கா தொட்டிய எடுத்தாரச் சொன்னாங்க" என்றான். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். உன் உப்புத்தண்ணித் தொட்டியும் அதிலிருக்கும் இரண்டு மீனும் புல்லும் இந்த வீட்டில்தான் இருக்கும். வேண்டுமென்றால் நீ வந்து எடு. வந்தால் திரும்பிப் போக விட மாட்டேன், அது வேறு விஷயம்.

கடலுக்குள் புல் நடும் வேலை கிடைத்துவிட்டதாம், பஸ் ஏறிவிட்டாளாம். ஊரில் கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வேன்? போர் போடும் ரிக் லாரி மூன்று ஓட்டுகிறவன் பெண்டாட்டி புல் நடப் போயிருக்கிறாள் என்றா? அம்மா சொல்கிறாள், "அடியாத மாடு படியாது சாமி" என்று. நான் உன்னை அடித்ததில்லை. அதை நினைவில் வை.

சந்திரசேகர்


மண்டபம்
9 ஜூலை 2025

சந்திரசேகர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகள் அதிகமில்லை.

இனியும் கடிதமே எழுதுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் என் வாயில் 'சரிங்க' தானாக வந்துவிடும். ஆறு வருடப் பழக்கம். காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

நீங்கள் அடித்ததில்லைதான். எனக்கு முன்பு இரண்டு முறை வேலை உத்தரவு வந்தபோது அதை டீசல் ரசீதுகளோடு சேர்த்து எரித்தீர்கள். மூன்றாவது உத்தரவை நவீன் முகவரிக்கு வரவழைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

தொட்டி என்னுடையது. சீர் வரிசையில் உங்கள் அம்மா எண்ணாமல் விட்ட ஒரே பொருள் அது. "பித்தளை அண்டா கொண்டாருவான்னு பாத்தா கண்ணாடி அண்டாவக் கொண்டாந்திருக்குது" என்று அத்தை வாசலில் வைத்துச் சொன்னது பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கடல் இல்லாத ஊரில் கடற்புல்லை வேர் பிடிக்க வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்வரை பகலில் விளக்கைப் போடுங்கள். மேலே ஓடும் சின்ன மின்விசிறியை நிறுத்த வேண்டாம், உங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். தண்ணீர் வற்றினால் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புப் போட வேண்டாம். வற்றும்போது தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே இருக்கும்.

உங்களுக்குப் புரியும்படிச் சொன்னால், லாரிக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது போல.

மலர்விழி


திருச்செங்கோடு
26 ஜூலை 2025

மலர்விழி,

'அவர்களுக்கு' என்று பார்த்ததும் பேங்கிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தேன். படித்தவள் படித்தவள்தான்.

விளக்கை அணைத்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. ரேடியேட்டர் பாடம் எடுத்தாயே, அதற்கு.

இப்போது புல் அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் மத்தியானத்தில் ஒவ்வொரு இலை நுனியிலும் குமிழி குமிழியாக நிற்குமே, அது இல்லை. நத்தைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அம்மா, "என்னடா சாக்கடை நாத்தம் அடிக்குது" என்கிறாள்.

உன் முழியான் மட்டும் தெம்பாக இருக்கிறான். நீ வாயில் நுழையாத பேர் ஒன்று சொல்வாய், 'பிளென்னி'. அம்மா வைத்த பேர்தான் பொருத்தம். என் பிவிசி குழாய்த் துண்டுக்குள் வாலை முதலில் விட்டுப் பின்பக்கமாகப் புகுந்துகொண்டு, தலையை மட்டும் நீட்டி, ஒரு கண்ணை இந்தப் பக்கமும் ஒரு கண்ணை அந்தப் பக்கமும் உருட்டுகிறான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர் மாதிரி. காலையில் டீ குடிக்கும்போது அவன் முன்னால் உட்காருகிறேன். இந்த வீட்டில் என்னை நிமிர்ந்து பார்க்கிறவன் அவன் ஒருவன்தான்.

அவன் பெண்டாட்டி பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். உன்னைப் போலவே.

விளக்கு வேண்டுமா? வேலையை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

சந்திரசேகர்


மண்டபம்
1 ஆகஸ்ட் 2025

சந்திரசேகர் அவர்களுக்கு,

என் மேல் கோபம் என்றால் என் மேல் காட்டுங்கள். புல் உங்களை என்ன செய்தது?

வெளிச்சம் இல்லாத கடற்புல் தன்னைத் தானே தின்னும். பிறகு மணலுக்கு அடியில் வேர் அழுகும். அழுகுவது தண்ணீரில் இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சிவிடும். பிறகு மீனுக்கு மூச்சு இல்லை. நீங்கள் விளக்கை அணைக்கவில்லை, மூன்று பேர் மூக்கைப் பொத்தியிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு மீனும் எப்படி வந்தன என்று ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முன் உங்கள் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் வந்தோம். பாம்பனில் வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் வடிந்த பாறைக்குழியில் அவன் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் குதித்தான். "மீனு தவளையாட்டம் தாவுதே!" என்று நீங்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினீர்கள். தோளில் இருந்த துண்டை விரித்துப் பிடித்தது நீங்கள். முழங்காலில் சிராய்ப்பு. கார் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தோம். அந்த ஆளிடம்தான் கேட்கிறேன், விளக்கைப் போடுங்கள்.

தொட்டியின் மேல் வலை மூடி இருக்கிறது. அதை எடுக்கவே எடுக்காதீர்கள். அவன் தாவுவான், அவளும் தாவுவாள்.

வேலையை விட மாட்டேன்.

மலர்விழி


திருச்செங்கோடு
22 ஆகஸ்ட் 2025

மலர்விழி,

இத்துடன் டிஷ்யூ பேப்பரில் மடித்து ஒன்று வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரி.

விளக்கைப் போட்டுவிட்டேன், அதை முதலில் சொல்கிறேன். உன் துண்டுக் கதையைப் படித்த மறுநாளே போட்டேன். பாதிப் புல் பிழைத்தது. அதோடு நின்றிருக்கலாம். போன வாரம் குழாய்க்குள் பொடிப் பொடியாக முட்டை ஒட்டியிருந்தது. முழியான் வாலை ஆட்டி ஆட்டி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, ஆம்பள காவல் காக்கறானே" என்று அம்மா அரைமணி நேரம் அங்கேயே நின்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நவீனுக்குப் போன் செய்தேன். அவன், "அக்கா கடல்ல இருக்குது, இனி அந்த மீனு பேச்சே வேண்டாங்க மாமா" என்றான். நீ சொல்லிக் கொடுத்ததுதானே?

வலையை எடுத்தேன். தாவுவாள் என்று நீ எழுதியது ஞாபகம் இருந்துதான் எடுத்தேன். காலையில் பூஜை அலமாரிக்கு அடியில் கிடந்தாள், எறும்பு மொய்த்துக்கொண்டு.

ஆம்பிளை முட்டையைக் காத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான், பொம்பிளை எகிறிக் குதித்து வெளியே போய்க் காய்ந்து கிடக்கிறாள். இதற்கு மேல் விளக்கமாக எனக்கு எழுத வராது.

சந்திரசேகர்


மண்டபம்
28 ஆகஸ்ட் 2025

சந்திரசேகர் அவர்களுக்கு,

கவரைப் பிரித்தபோது விடுதிக் காப்பாளர் குஞ்சம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, "ஊர்லருந்து கருவாடா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? என் வீட்டுக்காரர் அனுப்பியது என்று சொன்னதும், "பாசக்காரர்" என்றார்.

அவளைக் கடலில் போட்டேன். பாம்பன் பக்கம் போய்த்தான் போட்டேன். அழுதேன். இதைக் கேட்பது உங்களுக்குச் சந்தோஷம் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் நீதிக்கதையில் ஒரு திருத்தம். சிவப்பு மை இல்லை, நீலத்திலேயே எழுதுகிறேன். இந்த வகை மீனில் முட்டை ஒட்டியதும் ஆண் பெண்ணை விரட்டிவிடும். கடித்து விரட்டும். கடலில் அவள் போவதற்கு இடம் உண்டு. உங்கள் வீட்டுத் தொட்டியில் இடம் இல்லை. அதனால்தான் தாவினாள். இப்போது கதையை மறுபடி யாருக்காவது சொல்லுங்கள்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

மலர்விழி


திருச்செங்கோடு
10 செப்டம்பர் 2025

மலர்விழி,

எழுதுவேன். நீ படிப்பாய். முழியான் இருக்கிறான் அல்லவா?

முட்டை பொரிந்து பொடிக் குஞ்சுகள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விட்டன. பம்பு இழுத்ததோ, அவனே தின்றானோ. காலிக் குழாயை இன்னும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குச்சியால் நெம்பினாலும் வெளியே வர மாட்டேன் என்கிறான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை அக்டோபர் ஒன்று. மறுநாள் காலையில் நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டு. இல்லையென்றால் அன்றைக்கு முழியானையும் ஒரு கவரில் போட்டு அனுப்புவேன். செய்வேனா மாட்டேனா என்று உனக்கு இப்போது தெரியும்.

நாலாவது ரிக் வருகிறது. அதனால் அம்மா இந்த வருடம் பூஜையைப் பெரிதாகச் செய்கிறாள். எப்போதும் போலத்தான். சாயங்காலம் சந்தனம் வைத்ததும் எல்லா மோட்டாருக்கும் ஓய்வு, மறுநாள் மறுபூஜை முடியும்வரை ஒரு சுவிட்சைத் தொடக்கூடாது. அந்த நாளில் கம்பிரசரை ஓட்டித்தான் அப்பாவுக்கு இரண்டு விரல் போனது. அம்மா அதை மறக்க மாட்டாள், எங்களையும் மறக்க விட மாட்டாள்.

நீ வருவதாக இருந்தால், வரும்வரை முழியானுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுது. அப்பா சத்தியமாகச் சொல்கிறேன், எழுதியதை எழுதியபடி செய்வேன்.

சந்திரசேகர்


மண்டபம்
17 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

வருகிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஒரு விரல் நீள மீனுக்காக வேலையை விடுகிறாள் என்று இங்கே சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். காலிக் குழாயைக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் இரண்டாம் தேதி காலை மதுரை வழியாக வந்து இறங்குவேன். அதுவரை செய்ய வேண்டியவை.

விளக்கு காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணையுங்கள். அழுகிய புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள், பிடுங்க வேண்டாம், மணல் கலங்கும். கடற்பாசித் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவு கிழித்துக் கல்லில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வையுங்கள். அவன் நீந்தித் தின்ன மாட்டான், சுரண்டித்தான் தின்பான். வற்றிய தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர். வலை மூடி போதாது, கண்ணாடி மூடியைப் போட்டு அதன் மேல் ஒரு கல்லை வையுங்கள். இனி ஒருவர் தாவ வேண்டாம். சாம்பிராணிப் புகை உள்ளே போகாமல் மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். கையில் சோப்பு வாசனை இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

பூஜை நேரத்தில் என்னால் அத்தைக்கு ஒத்தாசை செய்ய முடியவில்லை. அவர் சொல்கிறபடி கேட்டு, ஒரு குறையும் இல்லாமல் செய்யுங்கள்.

மலர்


திருச்செங்கோடு
3 அக்டோபர் 2025

மலர்,

நேற்று விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மதுரை வண்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீ இறங்கவில்லை. ஏன் வரவில்லை? உடம்பு சரியில்லையா? பூஜை லீவு முடிந்த பிறகுதான் உன்னை வேலையிலிருந்து விடுவார்களா?

நீ எழுதியதை ஒன்று விடாமல் செய்திருக்கிறேன். கண்ணாடி மூடி, கல், துணி, எல்லாம். அம்மா அந்தத் துணிக்கும் சந்தனம் வைத்தாள். உன் புல் பச்சையாக இருக்கிறது. முழியான் நன்றாக இருக்கிறான். இதை எழுதும்போதும் குழாயிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்க்கிறான். கொஞ்சம் நிறம் மாறிய மாதிரி தெரிகிறது, கறுத்திருக்கிறான். வயதாகிறது போல.

வேலைக்குப் போக வேண்டும் என்றால் இங்கேயே ஏதாவது காலேஜில் பார்க்கலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டாள். போனதைப் பேச வேண்டாம். கோபத்தில் செய்ததை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. வீடு வெறிச்சென்று இருக்கிறது மலர். தொட்டி முன்னால் உட்கார முடியவில்லை.

சீக்கிரம் வா. உன் மீன் காத்திருக்கிறான்.

உன் மாமா


மண்டபம்
8 அக்டோபர் 2025

சந்திரசேகர்,

நான் வந்தேன்.

விடியற்காலையிலேயே இறங்கிவிட்டேன். பெட்டி, படுக்கை, புத்தகம் எல்லாம் கையில். ராஜினாமாக் கடிதமும் கைப்பையில் இருந்தது, கொடுக்காமல். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, சாமான்களை வைக்க எதிரில் இருக்கும் சந்தோஷ்குமார் கடைக்குப் போனேன். மறுபூஜைக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்தார். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் குரல் கேட்டது.

"சந்தோசு, முழி பிதுங்குன மீனு ஒண்ணு வேணும். இப்பவே வேணும்."

"அது கடல் மீனுங்கண்ணா, இங்க ஏதுங்க? அக்கா மீனுக்கு என்னாச்சுங்க?"

"ராத்திரி செத்துப்போச்சு. அவ வர நேரம். கறுப்பா, இந்தத் தண்டிக்கு ஏதாச்சும் ஒண்ணப் போட்டுக் குடு. அவளுக்கு என்ன தெரியப் போவுது?"

உங்கள் சட்டைக் கை தோள் வரை நனைந்திருந்தது. கை விட்டுத் துழாவியிருக்கிறீர்கள். ஒரு கணம் எழுந்து வரலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கடைசி வரியைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஒரு கறுப்பு மீனைப் பையில் வாங்கிக்கொண்டு போனீர்கள். அது நல்ல தண்ணீர் மீன். உப்புத் தண்ணீரில் விட்டதும் துடித்திருக்கும். நீங்கள் கொன்றது அதையும் சேர்த்து இரண்டு. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன்.

இப்போது என் செப்டம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். விளக்கு இருக்கும், உணவு இருக்கும், தண்ணீர் இருக்கும், மூடி இருக்கும். தொட்டி பம்பின் மோட்டாரைப் பற்றி ஒரு வரி இருக்காது.

உங்கள் வீட்டில் நான் இருந்த ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், அத்தை எல்லா மோட்டாருக்கும் ஓய்வு கொடுத்த பிறகு, துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு பேட்டரி ஏர் பம்பை ஓட விடுவேன். சத்தம் கேட்காமல் இருக்கப் பழைய புடவையில் சுற்றி வைப்பேன். அது இல்லாமல் இருட்டில் அந்தத் தொட்டி விடியும்வரை தாங்காது. புல்லும் இருட்டில் மூச்சு விடும், மணலில் அழுகியதும் காற்றைத் தின்னும். நீங்கள் பட்டினி போட்ட புல் வேறு. பக்கத்தில் படுத்திருந்த உங்களுக்கு அந்த பம்பு சத்தம் ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன் என்றேனே, அந்த நாலிலும் அந்த வரி இருந்தது. ஐந்தாவதில் விட்டுவிட்டேன். சொன்னதைச் செய்வீர்கள், அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லாத ஒன்றைச் செய்வீர்களா? கண்ணாடியை இறுக்கி மூடி, கல் வைத்து, துணி போர்த்தி, அதற்குப் பிறகு சுவிட்சில் கை வைக்கும்போது 'ஐயோ, உள்ளே ஓர் உயிர் இருக்கிறதே' என்று உங்களுக்குத் தோன்றினால், அத்தை கத்தினாலும் அந்த ஒரு மோட்டாரை விட்டுவைத்தால், நான் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு உங்களோடு இருந்திருப்பேன். அப்படி முடிவு செய்துதான் பெட்டி கட்டினேன். அதற்கு முழியானைப் பணயம் வைத்தேன். அது கொலைதான், எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு பெண் மீனைக் கோபத்தில் கொன்றீர்கள். நான் அவனை யோசித்துக் கொன்றேன். அவன் சாகும்வரை நான் உங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருப்பேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மூச்சு முட்டினால் மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அவன் வந்திருக்க மாட்டான். குழாயில்தானே கிடந்தான்? தலை வெளியில், வால் உள்ளே. அவனை அதிலிருந்து எடுக்க உங்களுக்கு வெகுநேரம் ஆகியிருக்கும்.

இந்தக் கடிதத்தில் உங்களுக்குப் புது வேலை ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் தனியாக வரும், கையெழுத்துப் போடுங்கள். அத்தையிடம் சொல்லுங்கள், மோட்டார் நன்றாக ஓய்வெடுத்துவிட்டது, இனி அதை ஓட்ட வேண்டியதில்லை.

தொட்டியைக் கழுவும்போது அந்தத் தண்ணீரைக் கொல்லையில் இருக்கும் எலுமிச்சைக்கு ஊற்றிவிடாதீர்கள். பட்டுப்போகும்.

மலர்விழி